உள்ளூர் அதிர்வு

அல்சூரில் கடைசிப் பேருந்தைப் பிடித்து
இரவுப் பணிக்குப் போவேன்.
பெங்களூர் முடிகிற இடத்தில்
பாறைமேல் ஒரு கொட்டகை,
கீழே குழி, குழிக்குள்
பூமிக்கு நாடி பார்க்கும் கருவி.
மேலே சுழலும் உருளையில் காகிதம்;
விடிய விடிய அதில் கோடு கிழிக்கும்
மெலிந்த ஒரு முள்.

மை தீராமல் பார்க்க வேண்டும்.
காலை எட்டுக்குத் தாள் மாற்ற வேண்டும்.
முள் துள்ளினால் நேரம் குறிக்க வேண்டும்.
துள்ள வைத்தது யாரென்பது
என் சம்பளத்துக்கு மேற்பட்ட கேள்வி.

ஆனாலும் தெரிந்துவிடும்.
ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தால்
படியேறுவது யாரென்று
செருப்புச் சத்தம் சொல்லாதா?

ரஷ்யக்காரனுடையது ஏழு நிமிடத்தில் வரும்.
கசாக் புல்வெளிக்கு அடியில் வெடித்து
இமயத்துக்குக் கீழே புகுந்து
நறுக்கென்று ஒரு குத்து,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல.

அமெரிக்கனுடையதற்குப் பத்தொன்பது.
நெவாடா பாலையிலிருந்து
உலகத்தின் அடிவயிறு வழியாக,
அங்கே கொதிக்கும் இரும்புக் குழம்பை நீந்தி
களைத்து வந்து சேரும்,
தூக்கத்தில் புரள்கிறவளின்
பெருமூச்சு அளவுக்கு.

"ஒருத்தன் தும்மினா இன்னொருத்தனும் தும்மணும், பிலோமி,
இல்லாட்டி சளி யாருக்குன்னு சந்தேகம் வந்துரும்"
என்பான் குருபசப்பா, அவனுடைய கன்னடத் தமிழில்.
அடுத்தது யார் என்று பந்தயம் கட்டுவோம்.
தோற்றவர் செலவில் பை-டூ காபி.
உலகத்தையே அவர்கள்
பை-டூ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள்;
கழுவ வேண்டிய டம்ளர்
எங்கள் பக்கம் இருந்தது.

வருடத்துக்கொரு முறை கோட்டுக்காரர்கள் வருவார்கள்.
நூற்றைம்பது கிலோ டன்னா, தாண்டிவிட்டானா?
எங்கள் தாளில் அரை மில்லிமீட்டருக்கு
எங்கோ ஒரு மாநாடு.

எங்கள் பகையாளிகள் வேறு.
சரக்கு ரயில்.
காற்றில் வேரை அசைக்கும் தைல மரம்.
அப்புறம் கல் குவாரி:
தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு வெடி.
அதற்கென்று சிவப்புப் பென்சில் ஒன்று உண்டு,
அது எழுதத் தெரிந்தது இரண்டே சொல்:
உள்ளூர். ஒதுக்குக.

எழுபத்தெட்டில் ஒரு புதன்கிழமை,
விடிகாலை நாலே முக்காலுக்கு முள் பாய்ந்தது.
"ரஷ்யாவா?" என்று எழுந்தான் குருபசப்பா.
முதல் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே
மூச்சுவிட இடமில்லை.
பக்கத்திலிருந்து வந்தால்தான் அப்படி.
குவாரிக்காரன் நேரம் மாற்றிவிட்டான் போல.
பென்சிலை எடுத்தேன்.
உள்ளூர். ஒதுக்குக.

திரும்பும் பேருந்து குவாரி முக்கில் நின்றது.
வெடிமருந்துக் கொட்டகை.
அதை ஒட்டிய ஓலைக் குடிசையில்
ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து
கல்லுடைக்க வந்தவர்கள் தூங்கியிருக்கிறார்கள்.
நாலு பேர் என்றார் நடத்துனர்.
ஏழு என்றாள் பூக்கூடைக்காரி.
ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தவள்
என்னைப் பார்த்து "தமிழா?" என்றாள்.
தலையாட்டினேன்.
"சத்தம் உங்க வீடு வரைக்கும் கேட்டுச்சா, அக்கா?"

கோடாக வந்தது என்று
எப்படிச் சொல்ல?

மறுநாள் செய்தித்தாளில் தேடினேன்.
ஆயுதக் குறைப்புப் பேச்சு
முதல் பக்கம் முழுக்க;
ஐந்தாம் பக்கம்வரை புரட்டி
சினிமா விளம்பரத்தில் நின்றேன்.

இரவில் பழைய தாளை எடுத்து
இரண்டாவது சொல்லை மட்டும் அழித்தேன்.
சிவப்புப் பென்சில் லேசில் போகாது,
இழுபட்டுப் பரவும்.
எச்சில் தொட்டுத் தேய்த்ததில்
காகிதம் ஓட்டையாகிவிட்டது.
உள்ளூர் என்பது இருக்கட்டும் என்று விட்டேன்.

அந்த வெள்ளி ஒரு குத்து.
ஞாயிறு ஒரு பெருமூச்சு.
நான்தான் ஜெயித்தேன்.
காபி வேண்டாம் என்றேன்.

மாதக் கடைசியில் தாள்களைச் சரிபார்த்த அதிகாரி
ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டி
"இது என்ன?" என்றார்.
"எலி, சார்" என்றேன்.
இரண்டு எலிப்பொறி வாங்க
அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.